அளவு ரவிக்கை கேட்ட அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அதற்காகக் கூடியிருக்கும் உற்றார் உறவினருக்கும், தெற்குத் தெருவிலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் அக்காவின் தையல் கடை வாடிக்கைப் பெண்களுக்கும், அக்காவிடம் ஒருமுறையாவது "நேரா நில்லு" என்று திட்டு வாங்கிய அனைவருக்கும் தம்பியின் வணக்கம்.

நினைவு மலர் என்றால் குடும்பத்தில் நன்றாக எழுதத் தெரிந்தவர்தான் கட்டுரை எழுதுவார். எங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்டவர் அக்கா ஒருவர்தான். அவர் அட்டைப்படத்துக்குப் போய்விட்டதால், பி.ஏ.வில் தோற்று, மறுபடி எழுதி மறுபடியும் தோற்ற என் தலையில் இந்தப் பொறுப்பு விழுந்திருக்கிறது. பந்திக்கு முன் படிப்பவர்கள் நிதானமாகப் படியுங்கள். பந்திக்குப் பின் படிப்பவர்கள் பாதியில் தூங்கிவிட்டால் பழி பாயசத்துக்கே சேரும், எனக்கல்ல.

அந்த அட்டைப்படத்தை இன்னொரு தரம் பாருங்கள். அக்கா சிரிக்கிறார். அவர் போட்டிருக்கும் புது ரவிக்கையின் வலது தோளில் ஒரு சிறு சுருக்கம் தெரிகிறது. கடைப் பெண்கள் மலரை வாங்கியதும் சுருக்கத்தை முதலில் பார்த்து, முகத்தை அப்புறம்தான் பார்த்திருப்பார்கள். தையலில் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துப் போட்டுவிடும் அக்கா, அந்தச் சுருக்கத்தோடு எப்படிப் படத்துக்கு உட்கார்ந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதப் போகிறேன்.

அக்கா பிறந்தது திருவிடைமருதூருக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் கரையில் இருக்கும் எங்கள் ஊரில். அப்பாவுக்கு ஏழு வேலி நஞ்சை. கதர் ஜிப்பா, கையில் வெற்றிலைச் செல்லம், நடையில் மிராசு. அம்மா நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் காலமாகிவிட்டார். அதிலிருந்து வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அக்காவே பொறுப்பு. நடக்காத எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு.

கும்பகோணத்தில் ஒரு டீச்சரிடம் அக்கா தையல் கற்றுக்கொண்டார். கல்யாணம் நிச்சயமானபோது சீர் வரிசையில் கால்மிதி மிஷின் ஒன்றும் வந்து இறங்கியது. அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. நில உச்சவரம்பு, குத்தகைதாரர் பாதுகாப்பு என்று தினம் ஒரு பேச்சு. வயலோரம் செங்கொடி ஏறியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்ததைவிடப் பட்டாவைப் பார்த்ததுதான் அதிகம். நிலம் நிற்குமா நிற்காதா என்று அப்பாவால் சத்தியம் செய்ய முடியவில்லை. கல்யாணம் நின்றது. மிஷின் மட்டும் வீட்டில் தங்கியது. பிற்காலத்தில் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அளவு சரியா அமையலை" என்று சொல்லிவிட்டு அக்கா துணியை வெட்டப் போய்விடுவார்.

அக்காவுக்கு அப்போதே ஒரே ஆசைதான் இருந்தது. தேரடியில் ஒரு தையல் கடை வைக்க வேண்டும், பலகையில் தன் பெயர் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது காதில் விழவே கூடாத பேச்சு. வீட்டுக்குள் தைக்கலாம், சொந்தக்காரர்களுக்குத் தைக்கலாம். அதுவும் அளவு ரவிக்கையை வைத்துத்தான். நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்துப் புதிதைத் தைத்துவிடலாம், யாரையும் தொட வேண்டியதில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊரார் உடம்பை அளப்பது மிராசு வீட்டுப் பெண் செய்கிற வேலை அல்ல என்பது அப்பாவின் சட்டம். அந்தச் சட்டத்துக்கு உச்சவரம்பே கிடையாது.

அந்த வருஷம் தை மாதம். சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. தெற்குத் தெருக்காரர்கள் கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாள் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் வண்டி ஒன்று மதகடியில் வந்து நின்றது. நெல் உதிர ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் சாப்பாடு போச்சு. களத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. ஆண்கள் கூலியைப் பேசி ஒரு வழிக்கு வந்தபோது, பின்னால் நின்ற பெண்கள் இன்னொன்றைக் கேட்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் பண்ணையிலிருந்து ஒரு முரட்டுச் சேலை கொடுப்பது வழக்கம். இந்தத் தடவை ரவிக்கைத் துணியும் சேர்த்துக் கொடுத்தால்தான் சேலையை வாங்குவோம் என்றார்கள்.

தெற்குத் தெருப் பெண்கள் ரவிக்கை போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வருவது அன்றைக்கு வழக்கத்தில் இல்லை. வழக்கத்தில் இல்லை என்பது நான் மரியாதைக்கு எழுதுவது. விட்டதில்லை என்பதே உண்மை. அப்பா மோட்டுவளையைப் பார்க்கிற மாதிரி வானத்தைப் பார்த்தார். உதிரப் போகிற நெல்லையும் பார்த்தார். சரி, துணிதானே, கொடுத்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டார். பச்சை நிறத்தில் மெல்லிய ‘வாயில்’ ரகத் துணி ஒரு கட்டு வந்தது. கிழித்துக் கொடுத்தாயிற்று. கடைத்தெருவில் இருந்த தையற்காரர் பூசம் கழியட்டும், பங்குனி பிறக்கட்டும் என்று சாக்குச் சொன்னார். துணி துணியாகவே கிடந்தது.

அக்கா தானே தைப்பதாகச் சொன்னார். அப்பா இரண்டு வேளை பேசாமல் இருந்து மூன்றாவது வேளை சோற்றில் மோர் விடும்போது சொன்னார்: "தைச்சுக் குடும்மா. தருமம்தான். ஆனா அளவு ரவிக்கையை வாங்கி வச்சுக்க. டேப்பைத் தூக்கிக்கிட்டு நின்னே, மிஷின் இந்த வீட்டுல இருக்காது."

அக்கா என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு எல்லாரும் அளவு ரவிக்கையோடு களத்துக்கு வரவேண்டும் என்று தெற்குத் தெருவில் சொல்லிவிட்டு வரச் சொன்னார். நான் அப்போது கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டு மேடைப் பேச்சாளராகப் போவதாக நம்பிக்கொண்டிருந்த காலம். தெற்குத் தெரு முனையில் நின்று, தாய்மார்களே என்று ஆரம்பித்து, அடுக்கு மொழியில் அளவு ரவிக்கையின் அவசியத்தை விளக்கினேன். கைதட்டல் வரவில்லை. ஒரு கிழவர் மட்டும் இருமினார். கூட்டத்துக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். புரியாமல் இருந்தது யாருக்கு என்று மறுநாள் தெரிந்தது.

மறுநாள் காலை பெண்கள் களத்துக்கு வந்தார்கள். கையில் பச்சைத் துணி மட்டும் இருந்தது. முன்னால் நின்றவர் வேம்பு. நடவுக்கும் அறுப்புக்கும் அவர்தான் ஆள் சேர்த்துக் கூட்டி வருவார். அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவர். வேப்ப மரத்தடியில் சாய்வு நாற்காலியில் அப்பா. அக்கா ஒரு கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அளவு ரவிக்கை எங்க, வேம்பு? எல்லாரும் கூடையில போடுங்க."

வேம்பு கூடையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"அது இருந்தா உங்ககிட்ட ஏன் வர்றோம், பெரிய பாப்பா?"

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து ரவிக்கை போடாதவரிடம் பழைய ரவிக்கை கேட்டிருக்கிறோம். அதை நான் அடுக்கு மொழியில் வேறு கேட்டிருக்கிறேன். என் அரசியல் வாழ்க்கை அந்த இடத்திலேயே முடிந்தது. நாட்டுக்கு நல்லதுதான்.

அக்கா குனிந்து காலிக் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு இடுப்பில் செருகி வைத்திருந்த டேப்பை எடுத்தார். அதை ஏன் கொண்டு வந்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா கனைத்தார். எங்கள் வீட்டில் அந்தக் கனைப்புக்கு மாடுகூட நிற்கும்.

"கிட்ட வா, வேம்பு" என்றார் அக்கா.

"ஐயா உக்காந்திருக்காங்க."

"அவங்களுக்கு அளவு எடுக்கலை. உனக்குத்தான். கையத் தூக்கு."

வேம்பு கையைத் தூக்கினார். அக்கா டேப்பைச் சுற்றிப் பிடித்தார். களத்தில் நெல் பொறுக்க வந்த குருவிகள் கத்தின. ஒருவர் முடிந்து அடுத்தவர், அவர் முடிந்து அடுத்தவர் என்று அக்கா அளந்துகொண்டே போனார். அப்பா எழுந்து நாற்காலியை மடக்கினார். போகும்போது யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மிஷின் இனிமே வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

"சரிங்கப்பா" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "தம்பி, சாயங்காலம் ஒரு கை புடி" என்றார்.

ஒரு கை என்று சொன்னது பேச்சுக்கு. அந்த இரும்பு மிஷினை வண்டிக் கொட்டகை வரை தூக்கியது நான்தான். அன்று பிடித்த முதுகு இன்றும் மழைக்காலத்தில் அக்காவை ஞாபகப்படுத்துகிறது. வண்டி மாடுகளை வேப்ப மரத்தடிக்கு மாற்றிவிட்டு, கொட்டகையைக் கழுவி, அக்கா மிஷினைப் போட்டார். அப்பா வெளியே அனுப்பியது மிஷினை மட்டும்தான். அக்காவின் தொழிலும் அதோடு வெளியே வந்துவிட்டது.

ரவிக்கைகள் தயாராயின. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து வேம்பு அறுப்பு வயலிலிருந்து நேராக வந்தார். முதுகில் ரவிக்கை தையல் விட்டுக் கிழிந்திருந்தது. கைக்குழி அறுத்து அக்குள் சிவந்திருந்தது. நிற்க வைத்து அளந்தபோது பொருத்தமாகத்தானே இருந்தது என்று அக்கா கேட்டார்.

"நின்னா நல்லாத்தான் இருக்கு" என்றார் வேம்பு. "நாங்க எங்க நிக்கிறோம்?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் அப்படியே எழுந்து, வேம்புவை நடவு நடுகிற மாதிரி குனியச் சொல்லி, குனிந்தபடி முதுகை அளந்தார். கையை நீட்டச் சொல்லி அளந்தார். நிற்கும்போது ஓர் அளவு, குனியும்போது வேறோர் அளவு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு துணி வேண்டுமோ அதை முதுகின் நடுவில் ஒரு மடிப்பாக மறைத்து வைத்தார். நிமிர்ந்தால் மூடிக்கொள்ளும், குனிந்தால் விரியும். கைக்குழியைச் சற்று முன்னால் தள்ளினார். பின்பக்கம் இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்கியது. டெல்டா முழுக்க நீங்கள் அறிந்த ‘நடவு கட்’ இப்படித்தான் வண்டிக் கொட்டகையில் பிறந்தது.

கொட்டகைக் கடையில் துணி மாட்டிப் பார்க்கப் பொம்மை கிடையாது. நான் இருந்தேன். மெலிந்த தேகம், வேலையில்லாத நேரம், இரண்டும் பொம்மைக்குத் தேவையானவை. கையில் நாற்றுமுடியைக் கொடுத்து, குனி, நிமிரு, ஒதுங்கு என்று அக்கா ஆட்டி வைப்பார். ஒருநாள் பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்தபோது நான் ஊதா ரவிக்கையோடு குனிந்திருந்தேன். அந்தச் சம்பந்தமும் அளவு சரியாக அமையவில்லை. பிற்பாடு என்னை நம்பிக் கழுத்தை நீட்டிய என் மனைவிக்கு இந்த மலரின் வாயிலாக நன்றி.

ஊரில் மூன்று கட்சி, கொட்டகையில் ஒரு மிஷின். செங்கொடிக்காரர்கள் கொடி தைக்க வந்தார்கள். என் கறுப்பு சிவப்புத் தோழர்கள் வந்தார்கள். அப்பாவின் கட்சிக்காரர்கள்கூட, அப்பா தூங்குகிற நேரம் பார்த்துக் கொல்லை வழியாக வந்தார்கள். எந்தக் கொடி ஊரில் பறந்தாலும் அதன் ஓரம் அடித்தது அக்காதான். எந்தக் கட்சி அக்கா நீங்க என்று ஒருவர் கேட்டபோது, "பிசிறு இல்லாத கட்சி" என்று பதில் வந்தது.

ஒரு தைப்பூசத்தன்று தேரடியில் கடை திறந்தார். பலகையில் அவர் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நமக்கெல்லாம் அவர் அக்கா. பெயர் வேண்டுமென்றால் தேரடிக்குப் போய்ப் பலகையைப் பாருங்கள். முதல் ஆளாக வேலைக்கு வந்தவர் வேம்பு. கொக்கி வைப்பதில் ஆரம்பித்து, பொத்தானுக்குக் காஜா எடுத்து, நாலைந்து வருஷத்தில் கத்தரியைப் பிடித்தார். ஊரில் முதல் பெண் கட்டிங் மாஸ்டர். பெரிய பாப்பா என்ற அழைப்பு எப்போது அக்கா என்று ஆனது என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு பூசத்துக்கும் அடுத்த பூசத்துக்கும் நடுவே எங்கேயோ ஆகிவிட்டது.

அப்பா அக்காவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அக்கா சமைத்ததைச் சாப்பிடுவார், அக்கா துவைத்ததை உடுத்துவார், பேச்சு மட்டும் என் வழியாக. "உங்க அக்காகிட்ட சொல்லு, ரசத்துல உப்பு இல்லை." எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா, "உப்பு அவங்க பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்பார். எங்கள் ஊருக்கு டெலிபோன் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது.

நிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. உச்சவரம்பில் கொஞ்சம், கோர்ட்டு வழக்கில் கொஞ்சம், மீதி சாகுபடி செய்தவர்களுக்கே கிரயம் ஆனது. அப்பா காலையில் எழுந்தால் போக வயல் இல்லை. ஒரு தீபாவளி நேரம், கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், வாசலில் அப்பா வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். என்னிடம் நீட்டினார்.

"பழைய ஜிப்பா. அளவுக்கு. உங்க அக்காகிட்ட குடு. ஒண்ணு புதுசா தைக்கணும்."

அக்கா தலையைத் தூக்கவில்லை. வாயில் குண்டூசி. அதோடேயே சொன்னார்: "அளவுச் சட்டை எடுக்குறதில்லைன்னு சொல்லு, தம்பி. இந்தக் கடையில ஆள் நேரா நிக்கணும். வேம்பு, ஐயாவுக்கு அளவு எடு."

அப்பா திரும்பிப் போய்விடுவார், இந்த ஜென்மத்தில் இனி பேச்சில்லை என்று நினைத்தேன். அக்காவின் கை துணியின் மேல் அசையாமல் இருந்தது. அவருக்கும் அதே நினைப்புதான் என்று அந்தக் கையைப் பார்த்தால் தெரிந்தது. வேம்பு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றார். அப்பா கனைக்கவில்லை. மேல்துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

"குனியணுமா?" என்று வேம்புவிடம் கேட்டார்.

"வேணாங்கய்யா. நீங்க நிமிந்து நின்னா போதும்."

அப்பா நிமிர்ந்து நின்றார். கையைத் தூக்கினார். வேம்பு டேப்பைச் சுற்றினார். அக்கா குண்டூசிகளைத் துப்பிவிட்டு, பல வருஷத்துக்குப் பிறகு அப்பாவிடம் நேரடியாகப் பேசினார்: "உடம்பு இளைச்சுப் போச்சேப்பா." அப்பா, "ரசத்துல உப்பு இல்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடும்வரை தினமும் கடைக்கு வந்து, வாசல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டே, "அடுத்தது யாரும்மா, உள்ள போங்க" என்று கூட்டத்தை ஒழுங்கு செய்தார். என் உத்தியோகத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார்.

இனி ஸ்பெயின் கதை. இதற்காகவே சில பேர் கடைசிப் பக்கத்திலிருந்து மலரைப் புரட்டியிருப்பீர்கள்.

மாதம் ஒருமுறை அக்கா பஸ் ஏறித் தரங்கம்பாடி போய், மீன் கூடை சுமக்கும் பெண்களுக்கு அளவெடுத்து வருவார். மூட்டை தூக்க நான். கூடையைத் தலைக்கு ஏற்றும்போது கிழியாத மாதிரி அவர்களுக்குத் தோளில் தனி மடிப்பு. அங்கே கோட்டையைப் பார்க்க வந்த ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி ஒருவர், கோட்டையை விட்டுவிட்டு, கூடையைத் தூக்கிய ஒரு மீன்காரம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அவர் தன் நாட்டில் சொந்தமாக உடுப்பு வடிவமைத்துக் கடை நடத்துகிறவர். மீன்காரம்மா அவரைக் கையோடு பஸ்ஸில் ஏற்றி எங்கள் கடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கடையே மீன் மணத்தில் மகிழ்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் நான். என் ஆங்கிலம் நான் தோற்ற பி.ஏ.வின் ஆங்கிலம். நடவு என்றால் என்ன என்று அந்த அம்மா கேட்க, சொல் கிடைக்காமல் நானே குனிந்து நட ஆரம்பித்தேன். நடவு பின்னால் நடந்துகொண்டே நடுவது. நட்டுக்கொண்டே போய் இஸ்திரி மேசையில் முட்டி, சூட்டில் துள்ளி நிமிர்ந்தேன். அந்த அம்மா அதையும் நடவின் ஒரு பகுதி என்று நினைத்து, தானும் குனிந்து நட்டு, கடைசியில் ஒரு துள்ளும் துள்ளினார். அக்கா சிரிக்கவில்லை. அந்த அம்மா குனிந்தது குனிந்தபடி இருக்க, ஓடிப்போய் முதுகை அளந்துகொண்டார்.

சாயங்காலத்துக்குள் ஒரு சட்டை தயாரானது. அந்த அம்மா போட்டுக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார்.

"உன்னை டிசைனர்ங்குறாங்கக்கா" என்றேன்.

"அப்படின்னா?"

"தைக்காமலே பேர் வாங்குறவங்க."

"நம்ம வீட்டுல அது நீதான்" என்றார் அக்கா.

ஆர்டர் வந்தது. அதோடு தலைவலியும் வந்தது. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று அளவில் தைத்து அனுப்ப வேண்டும். அக்காவுக்கு அது பிடிபடவே இல்லை. யார் போடப் போகிறார்கள் என்று தெரியாமல் எப்படித் தைப்பது? "ஆளே இல்லாத அளவு ஒண்ணு உண்டா?" என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று எழுதிவிடு என்றுகூடச் சொல்லிவிட்டார். வேம்புதான் வழி சொன்னார். கடைப் பெண்களை வரிசையாக நிறுத்தி, சின்ன உடம்பு, நடு உடம்பு, பெரிய உடம்பு என்று பிரித்தார்கள். நடு உடம்பில் வேம்புவையே வைத்துக்கொண்டார்கள். ஸ்பெயினில் மீடியம் போட்டுக்கொண்டு திரிந்த பெண்கள் எல்லாம் எங்கள் ஊர் வேம்புவின் அளவில்தான் திரிந்தார்கள். கை மட்டும் குட்டையாக இருக்கிறது என்று தகவல் வந்தது. நீளக் கை உள்ளவர் யார் என்று தேடியதில் நான் அகப்பட்டேன். வயிறு சேர்க்கப்படவில்லை.

அதன் பிறகு கடை பட்டறையானது, பட்டறை கம்பெனியானது. தெற்குத் தெருவிலிருந்தும் எங்கள் தெருவிலிருந்தும் பெண்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தைத்தார்கள். தூர தேசத்துக் கடிதங்கள் வந்தாலும், நடவு தொடங்கும் மாதத்தில் அக்கா வெளியூர் ஆர்டரை ஓரம் கட்டிவிட்டு நடவுப் பெண்களுக்கு மட்டும்தான் தைப்பார். ஸ்பெயின் அம்மா ஒரு தடவை அவசரப்படுத்தியபோது, காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, காத்திருக்கவும் என்று என்னை விட்டுப் பதில் எழுதச் சொன்னார். அவரும் காத்திருந்தார்.

அக்காவுக்கு உடம்பு முடியாமல் போன மாதங்களில் துணை நின்றவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டரம்மாவுக்கு. மருந்து நேரத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்ணுக்கு. கஞ்சியும் இளநீரும் கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கு. தகவல் தெரிந்ததும் தரங்கம்பாடியிலிருந்து கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த பெண்களுக்கு. இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த இரு தெருக்களின் பிள்ளைகளுக்கும். கடையை இன்று முகம் சுளிக்காமல் நடத்திவரும் என் மகளுக்கும் வேம்புவின் மகளுக்கும். என்னை அவர்கள் இன்னும் பொம்மையாக வைத்திருப்பதற்கும்.

வேம்புவுக்கு மட்டும் நன்றி என்று ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

ஒவ்வொரு பூசத்துக்கும், கடை திறந்த நாள் என்று, அக்கா தானே தைத்த புது ரவிக்கை போட்டுக்கொண்டு கடையில் உட்காருவார். போன வருஷம் பூசம் நெருங்கும்போது அக்கா பாதியாக இளைத்திருந்தார். இருந்த ரவிக்கை ஒன்றும் உடம்பில் நிற்கவில்லை. வலது கை மேலே எழும்பவில்லை. பழசிலேயே ஒன்றைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொள்ளலாமே என்றோம்.

"தொளதொளன்னு மாட்டிக்கிட்டு நான் பூசத்துக்கு உக்கார மாட்டேன்" என்றார்.

மறுநாள் மதியம் வேம்பு வந்தார். அவருக்கும் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் டேப். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"அளவு ரவிக்கை எங்கக்கா?"

அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். அந்தப் பழைய களம், கூடை, குருவிச் சத்தம் எல்லாம் அவர் கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன்.

"அது இருந்தா உன்கிட்ட ஏன் வர்றேன், வேம்பு?"

இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் பெண் பயந்துபோய் உள்ளே ஓடிவந்தாள். அப்புறம் வேம்பு டேப்பை எடுத்தார். எல்லாரையும் அளந்த அக்காவை யாரும் அதுவரை அளந்ததில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தன்னுடையதைத் தானே உத்தேசமாக வெட்டிக்கொள்வார். "கையத் தூக்குக்கா" என்றார் வேம்பு. இடது கை எழுந்தது. வலது கையை வேம்புவே ஒரு குழந்தையின் கையைப் போலத் தூக்கித் தன் தோள் மேல் வைத்துக்கொண்டு அளந்தார்.

பூசத்தன்று அக்காவை நாற்காலியோடு தூக்கிக் கடைக்குக் கொண்டுபோனோம். புது ரவிக்கை. அளவு கச்சிதம். வலது தோளில் மட்டும், கை எழும்பாமல் ஒட்டியே இருந்ததால், ஒரு சிறு சுருக்கம். அக்கா கண்ணாடியில் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பிரிக்கச் சொல்வார் என்று காத்திருந்தோம். அக்கா சுருக்கத்தை விரலால் ஒருமுறை நீவிவிட்டார். "நல்லா வந்திருக்கு" என்று வேம்புவிடம் சொன்னார். அப்போது எடுத்த படம்தான் அட்டையில் இருப்பது. மாசி பிறந்து சில நாளில் அக்கா போய்விட்டார்.

இந்த மலருக்காகப் படத்தைக் கொடுத்தபோது, அச்சகத்தில் இருந்தவர் கம்ப்யூட்டரில் அந்தச் சுருக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். சுத்தமாக எடுத்துவிடலாம், தெரியவே தெரியாது என்றார். நான் வேம்புவைப் பார்த்தேன். வேம்பு படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எடுக்காதீங்க. அளவு சரியாத்தான் இருக்கு."